குங்குமத் தண்ணீரும் பொலிஸ் கோப்பும்
இரகசியச் சங்கங்களின் வரலாறு பற்றியும் எங்கள் மௌனம் பற்றியும் சில குறிப்புகள்

சென்ற யூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், கிளேட்டனில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கராஜில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. வெளியே மழை. உள்ளே ஒரு ஹீற்றரும் பன்னிரண்டு கதிரைகளும். மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட வழக்கைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. 1910இல் தென்காசியில் சில இளைஞர்கள் காளி படத்தின் முன்னே கூடியதையும், வெள்ளையரின் இரத்தம் என்று சொல்லிக் குங்குமம் கரைத்த நீரைக் குடித்ததையும், பெருவிரலைக் கீறித் தாளிலே பதித்ததையும் உணர்ச்சியோடு விபரித்தேன். பலர் தலையசைத்தனர். எங்கள் வயதுக்காரருக்கு இது புதிய காட்சி அல்ல.

மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை, இங்கேயே பிறந்தவள், கை உயர்த்தினாள். "மாமா, அது இரகசியக் கூட்டம் எண்டால், குங்குமத் தண்ணி குடிச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதைச் சொன்ன போதுதான் அதன் கனம் எனக்கு உறைத்தது. "அப்ரூவராக மாறினவை பொலிசுக்குச் சொன்னது, பிள்ளை."

இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து எழுந்தது.

1. மூடப்பட்ட கதவு

இரகசியச் சங்கங்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. வெளிப்படையான ஒரு பாதை அடைக்கப்பட்ட இடத்திலேயே அவை முளைக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் அந்தப் பாதை எதுவென்பது தெளிவானது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. பங்குதாரர், பற்றுச்சீட்டு, பயணிகள் என எல்லாம் பகிரங்கமாக நடந்த போராட்டம் அது. 1908 பெப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த போதும் பேச்சுகள் திறந்த வெளியிலேயே நிகழ்ந்தன. மார்ச் 12இல் சிதம்பரம்பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். யூலையில் சிதம்பரம்பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் அவர் செக்கிழுத்தார், கம்பனி அழிந்தது. அக்காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்த ஆஷே இதற்குப் பொறுப்பு என்று அவரது ஆதரவாளர்கள் கருதினர்.

1911 யூன் 17ஆம் திகதி, மணியாச்சிச் சந்தியில் நின்ற ரயிலில் ஆஷ் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த போது, செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சி அவரைச் சுட்டார். திருவிதாங்கூர் வனத்துறையில் எழுதுவினைஞராக இருந்த இளைஞர் அவர். சுட்டபின் பிளாற்போமின் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாட்களின் பின்னர் இலண்டனில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா.

ஆக, முதலில் அரசு செய்ததைச் சொல்லிவிட வேண்டும். கப்பலை மூழ்கடித்தவர்கள் துவக்கைப் பற்றி ஒப்பாரி வைப்பதற்கு அருகதையற்றவர்கள். எங்கள் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் ஆண்களும் பெண்களும் அமர்ந்து நடத்திய சத்தியாக்கிரகத்தை ஏப்ரிலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் முடித்துவைத்தன. பின்னர் தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பு, 1974 சனவரி 10இல் தமிழாராய்ச்சி மாநாட்டு உயிரிழப்புகள். இவற்றை மறந்துவிட்டு இரகசியத்தை மட்டும் விமர்சிப்பது நேர்மையாகாது.

ஆனால் ஒன்று ஏன் பிறந்தது என்பதும், பிறந்தபின் அது என்னவாக வளர்ந்தது என்பதும் வேறுவேறு கேள்விகள். நாங்கள் முதலாவது கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொல்லி இரண்டாவதைத் தவிர்த்து வந்திருக்கிறோம்.

2. யார் உள்ளே, யார் வெளியே

இரகசியச் சங்கத்திற்கு ஆள் சேர்ப்பது எப்படி? துண்டுப்பிரசுரம் ஒட்டமுடியாது. மேடை போடமுடியாது. ஏற்கெனவே நம்பக்கூடியவனைத்தான் சேர்க்கலாம். ஏற்கெனவே நம்பக்கூடியவன் யார்? மைத்துனன், அயலவன், ஒரே பள்ளியில் படித்தவன், ஒரே சாதிக்காரன். எனவே இரகசியம் தான் உடைக்க விரும்பிய சமூகத்தின் சுவர்களையே தனக்குப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்கிறது. இது எவருடைய கெட்ட எண்ணத்தினாலும் நேர்வதல்ல; அந்த வேலை முறைக்குள்ளேயே இருப்பது.

ஆஷ் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரின் பெயர்களைப் பாருங்கள். ஐயர், ஐயங்கார், பிள்ளை என்றே பெரும்பாலும் வருகின்றன. கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி அங்கே இல்லை. வாஞ்சியின் சட்டைப்பைக் கடிதம் சனாதன தர்மம் மிதிக்கப்படுவதைச் சொல்லி, மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சன் முடிசூடுவதா என்று கேட்கிறது. அதில் வரும் பஞ்சமன் என்ற சொல் 'ஐந்தாம்' ஜோர்ஜை மட்டும் குறிக்கிறதா, தீண்டப்படாதவன் என்ற வசையையும் சேர்த்துக் குறிக்கிறதா என்ற விவாதம் தமிழகத்தில் ஓயவில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டாலும், அந்த விடுதலை எவருடைய வீட்டுத் திண்ணையிலிருந்து கனவு காணப்பட்டது என்பது கடிதத்தின் மற்ற வரிகளிலேயே தெரிகிறது.

வாஞ்சிக்குப் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவராகக் கூறப்படும் வ. வே. சு. ஐயரின் பிற்கால வாழ்வு இதற்கு இன்னொரு சான்று. இலண்டன் இந்தியா ஹவுசில் சாவர்க்கரோடு இருந்தவர். பொலிசை ஏய்த்துப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர். அவரது துணிவை எவரும் சந்தேகிக்க முடியாது. அவரே பின்னர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி இடம்பெற்றது. 1924–25இல் எழுந்த அந்தப் பிரச்சினை தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கியது; பெரியார் காங்கிரசிலிருந்து விலகிய பாதையில் அது ஒரு முக்கிய மைல்கல். பேரரசை எதிர்த்து உயிரைப் பணயம் வைத்தவரால் சாப்பாட்டுப் பந்தியை மாற்ற இயலவில்லை. 1925 யூனில் பாபநாசம் அருவியில் மூழ்கிய தன் மகளைக் காப்பாற்றக் குதித்து அவரும் மாண்டார். வீரமும் தனிப்பந்தியும் ஒரே மனிதனில் குடியிருக்க முடியும் என்பதை இந்த வாழ்வு சொல்கிறது.

3. மூவாயிரம் பேர் என்ற கணக்கு

வாஞ்சியின் கடிதத்தில், மன்னர் இந்திய மண்ணில் இறங்கியதும் கொல்வதாக மூவாயிரம் பேர் சத்தியம் செய்திருப்பதாக ஒரு செய்தி உண்டு. வழக்கில் நின்றவர்கள் 14 பேர். இன்னும் சிலர் வெளியே இருந்திருக்கலாம். மூவாயிரம் பேர் எங்கும் இருக்கவில்லை.

அந்தத் தொகை பொய் என்று வாஞ்சிக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இரகசியச் சங்கத்தின் உறுப்பினனுக்குத் தன் பக்கத்திலிருக்கும் இரண்டு மூன்று பேரைத் தவிர எவரையும் தெரியாது; தெரியக்கூடாது. எனவே மேலிடம் சொல்லும் எண்ணிக்கையை அவன் நம்பியே ஆகவேண்டும். கணக்குக் கேட்பது ஒழுங்குமீறல் ஆகிவிடுகிறது.

மறுபுறத்தில், மேலிடத்திற்கும் கீழே நடப்பது தெரிவதில்லை. முதலாம் எதிரியாக நிறுத்தப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரி, சீர்காழிப் பக்கத்து எருக்கூரில் 1889இல் பிறந்தவர், ஆஷ் சுடப்பட்ட வேளையில் வடநாட்டில் இருந்தார். அவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது, தூக்கு அல்ல. தலைவனுக்குத் தெரியாமல் தொண்டன் சுடக்கூடிய, தொண்டனுக்குத் தெரியாமல் தலைவன் தொகை சொல்லக்கூடிய அமைப்பை எந்தப் பொதுச்சபையும் திருத்தமுடியாது.

1971 ஏப்ரில் 5இல் தெற்கின் சிங்கள இளைஞர்களுக்கு நேர்ந்ததும் இவ்வகையானதே. ஜே.வி.பி. தாக்குதலுக்குக் குறித்தது அன்றிரவு. சங்கேதச் செய்தியைத் தவறாக விளங்கிக்கொண்ட வெல்லவாயக் குழு அன்று அதிகாலையிலேயே பொலிஸ் நிலையத்தைத் தாக்கியது. அரசு விழித்துக்கொண்டது. அதன்பின் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கொல்லப்பட்டனர்.

4. மொஸ்கோவில் ஒரு மாணவன்

இந்த அமைப்பு முறை எங்கள் மண்ணின் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியில் கார்பொனாரிகள், அவர்களிடமிருந்து பிரிந்து 1831இல் மாசினி நிறுவிய 'இளம் இத்தாலி', அதன் பெயரைப் பின்பற்றி 1904இல் சாவர்க்கர் அமைத்த 'அபிநவ பாரத்' என்று ஒரு வழித்தடம் உண்டு. அவ்வழியில் வந்த காற்றே புதுச்சேரியையும் தென்காசியையும் தொட்டது.

ஆனால் மாசினியைவிட எனக்கு முக்கியமாகப்படுவது ரஷ்யாவின் நெச்சாயெவ். 1869இல் அவருக்கு 22 வயது. மாபெரும் புரட்சி வலைப்பின்னல் ஒன்றின் பிரதிநிதி தான் என்று மொஸ்கோ மாணவர்களை நம்பவைத்தார். அங்கும் ஒரு 'மூவாயிரம்'. குழுவிலிருந்த இவானோவ் என்ற மாணவன் கேள்வி கேட்டான், கட்டளைக்கு மறுத்தான், விலகப்போவதாகச் சொன்னான். அவ்வாண்டு நவம்பரில் விவசாயக் கல்லூரியின் பூங்காவில் நெச்சாயெவும் தோழர்களும் அவனைக் கொன்று குளத்தில் போட்டனர். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்பது சொல்லப்பட்ட காரணம். அச்சங்கம் தன் ஆயுளில் கொன்றது ஒரேயொரு மனிதனை. அவன் சாரின் அதிகாரி அல்ல, தன் தோழன். தொஸ்தொயெவ்ஸ்கி தனது பெருநாவலொன்றிற்கு இச்சம்பவத்தையே எடுத்துக்கொண்டார்.

எங்கள் இலக்கியத்தில் அந்நாவலின் இடத்தில் எதை வைப்பது என்று இவ்விதழின் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வந்த 'புதியதோர் உலகம்' அதுதான். எழுதியவர் உள்ளேயிருந்து வந்தவர்.

5. என் சத்தியம்

நானும் சத்தியம் செய்தவன். 1984இல், வடமராட்சியில் ஒரு பனங்காணிக்குள், பின்னேரம். குங்குமம் இல்லை, இரத்தம் இல்லை. மூன்று வசனங்களும் ஒரு புதுப்பெயரும். இயக்கத்தின் பெயரை எழுதவில்லை. அதை எழுதினால் மற்றப் பெயர்களில் இருந்தவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

என்னை அழைத்துப்போனவன் என் வகுப்புத் தோழன். இருவரும் ஒரே வள்ளத்தில் கடல் கடந்தோம். தமிழ்நாட்டு முகாமில் அவன் கேள்விகள் கேட்கத் தொடங்கினான்: சாப்பாட்டுக் காசு எங்கே, எங்களில் எத்தனை பேர், தண்டனைக்கு உள்ளானவர்கள் எங்கே. ஒருநாள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "அவன் உன்னோடை என்ன கதைக்கிறவன்?" என்று கேட்டார். சொன்னேன். சத்தியம் செய்திருந்தேன் அல்லவா. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவன் என்னிடம் கேட்டவற்றை மட்டும் சொன்னேன். இரண்டு கிழமையில் அவன் முகாமில் இல்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பியதாகச் சொல்லப்பட்டது. 1987இல் ஊரில் அவன் தாயார் என்னிடம் கேட்டார். "ஜேர்மனியிலை எண்டு கேள்வி, அம்மா" என்றேன். அவர் அதை நம்பியே காலமானார்.

ஆஷ் வழக்கு நூல்களில் ஒட்டப்பிடாரம் ஆறுமுகம்பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் நான் நெடுநேரம் நிற்பதற்கு இதுவே காரணம். வாஞ்சியின் வீட்டில் கிடைத்த கடிதங்கள் பொலிசை அவரிடம் இட்டுச்சென்றன. அவர் அப்ரூவர் ஆனார். வழக்கு முழுவதும் அவர் போன்றவரின் வாக்குமூலத்தில் எழுந்து நின்றது. தர்மராஜ ஐயர் நஞ்சருந்தினார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டார். இவர்கள் தியாகிகள், ஆறுமுகம்பிள்ளை துரோகி. அச்சப்பட்டுப் பொலிசுக்குச் சொன்னவருக்கு வரலாற்றில் ஒரு பெயர் இருக்கிறது. விசுவாசத்தோடு பொறுப்பாளருக்குச் சொன்னவனுக்கு என்ன பெயர்?

துரோகி என்ற சொல் எங்கள் அரசியலில் இரகசிய அறையில் பிறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது முதலில் மேடையில், ஒலிபெருக்கியில், வேட்டி சால்வையோடு பேசப்பட்டது. 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் முன்றலில் மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்ட போது கண்டிக்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! 1989 யூலையில் அமிர்தலிங்கம் தன் வீட்டில் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து உமாமகேஸ்வரன் தன் இயக்கத்தவராலேயே கொல்லப்பட்டார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1986இல், யாழ்ப்பாண வீதிகளில் ஒரே நோக்கத்திற்குச் சத்தியம் செய்த பிள்ளைகள் ஒருவரையொருவர் எரித்தார்கள். வெளியே பார்த்து நீட்டிய விரல் உள்ளே திரும்பப் பதினொரு ஆண்டுகளே எடுத்தன.

6. பகிரங்கச் சத்தியம்

எல்லாச் சத்தியமும் ஒன்றா? நாங்கள் வாழும் இந்த விக்ரோறியா மாநிலத்திலேயே வேறுவிதமான ஒன்று உண்டு. 1854 நவம்பர் 30இல் பலராற் பேக்கரி ஹில்லில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் தென்சிலுவைக் கொடியின் கீழ் மண்டியிட்டுச் சத்தியம் செய்தனர். பட்டப்பகலில், அரசு பார்த்திருக்கச் செய்தனர். சத்தியம் செய்வித்த பீற்றர் லேலர் என்ற ஐரிஷ்காரர் தன் சொந்தப் பெயரிலேயே நின்றார். டிசெம்பர் 3 அதிகாலையில் படையினர் யுரேகா அரணைத் தாக்கினர்; இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். லேலர் ஒரு கையை இழந்தார். அங்கும் உளவாளிகள் இருந்தார்கள். ஆனால் ஒற்றன் போய்ச் சொல்வதற்கு மறைபொருள் அதிகம் இருக்கவில்லை. 1855இல் இராசத்துரோகக் குற்றத்திற்கு நிறுத்தப்பட்ட 13 பேரையும் மெல்பேர்ண் ஜூரிகள் விடுவித்தனர். அவ்வாண்டே லேலர் சட்டசபைக்குப் போனார், 1880இல் சபாநாயகரானார்.

இதை மாதிரியாகக் காட்டி எங்கள் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய நான் வரவில்லை. பலராற்றில் ஜூரி இருந்தது. வெலிக்கடையில் இருந்தது 1983 யூலை. ஆதிக்குடிகளின் நிலத்தில் நின்று அந்தச் சத்தியம் சொல்லப்பட்டது. யுரேகாவுக்கு மறுவருடமே இந்த மாநிலம் சீனருக்குத் தலைவரி விதித்தது. பகிரங்கமாக இருப்பதால் மட்டும் எதுவும் நீதியாகிவிடாது. ஆயினும் ஒரு வேறுபாடு நிற்கிறது. பேக்கரி ஹில் சத்தியத்தைப் பற்றி நாங்கள் அறிவது அதைச் செய்தவர்களும் பார்த்தவர்களும் தம் பெயரில் எழுதியவற்றிலிருந்து. தென்காசிச் சத்தியத்தைப் பற்றி அறிவது பொலிஸ் கோப்பிலிருந்து. இரகசியச் சங்கம் தன் வரலாற்றை எழுதும் உரிமையைத் தன் எதிரியிடமே ஒப்படைத்துவிடுகிறது.

7. இப்போது யாருக்காக

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அந்த நாட்டில், அந்தச் சட்டங்களின் கீழ், 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தோடு, இரகசியம் இல்லாமல் எதைச் செய்திருக்க முடியும்? ஏற்றுக்கொள்கிறேன். ஒளிந்திருப்பவனின் முகவரியைச் சொல்லாமலிருப்பது அறம். ஆனால் அந்த இரகசியத்திற்கு ஒரு காலமும் ஒரு காரணமும் இருந்தன. 2009 மே மாதத்தோடு அந்தக் காரணத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. சத்தியம் மட்டும் முடியவில்லை.

1911இன் பின் புதுச்சேரியில் இருந்த அகதிகளை எண்ணிப் பார்க்கிறேன். பாரதி, ஐயர், அரவிந்தர். தெருமுனையெல்லாம் பிரித்தானிய ஒற்றர். யார் உளவாளி, யார் தோழன் என்று தெரியாமல் பத்து ஆண்டுகள். அங்கேயும் பாரதி எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெருமுனையில் ஒற்றன் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒற்றனாக இருக்கிறோம். கல்யாண வீடுகளில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறோம், யார் எங்கே இருந்தவர் என்று தெரிந்தும் கேட்பதில்லை. எங்களில் பலர் வாழ்க்கையில் எழுதிய ஒரேயொரு சுயசரிதை அகதி விண்ணப்பத்துடன் இணைத்த வாக்குமூலம்தான். என்னுடையதில் உள்ள ஒவ்வொரு வசனமும் உண்மை. அதில் என் நண்பன் இல்லை. நாளை ஒரு ஆய்வாளர் எங்களைத் தேடினால் கிடைக்கப்போவது அந்தக் கோப்பே.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டத்தை ஆதரித்து நாங்களும் இங்கு பதாகை பிடித்தோம். சரணடைந்தவர்களின் பட்டியலைத் தா என்று அரசிடம் கேட்டோம். அது நியாயமான கோரிக்கை, கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் எங்கள் கைகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. முகாம்களில் இருந்து திரும்பாதவர்கள், 'ஐரோப்பாவுக்குப் போனவர்கள்'. எங்கள் பட்டியலை மடித்து வைத்துக்கொண்டு அரசின் பட்டியலைக் கேட்கும் குரலில் ஒரு தழுதழுப்பு இருக்கும்; அதை அரசு நன்றாகவே கேட்கும்.

நான் கேட்பது நீதிமன்றத்தை அல்ல, யாரையும் காட்டிக்கொடுப்பதையும் அல்ல. மற்றவரின் பெயரை விடுங்கள். நான் எங்கே இருந்தேன், என்ன கண்டேன், என்ன சொன்னேன் என்று ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி எழுதலாம். நீலகண்ட பிரம்மச்சாரி 1922இல் மீண்டும் சிறை சென்று, பின்னர் நந்தி மலையில் சாமியாராகி 1978இல் மறைந்தார். சங்கத்தின் தலைவருக்கே பொலிஸ் கோப்பு முந்திக்கொண்டது. எங்களுக்கு அவ்வளவு ஆயுளும் இல்லை.

அன்றைய கூட்டம் முடிந்து கதிரைகளை மடித்து அடுக்கும் போது, இன்னொரு இயக்கத்தில் இருந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "உந்தப் பிள்ளை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனா நீ கிண்டாதை." கிளேட்டன் ஸ்ரேசன் வரை சேர்ந்து நடந்தோம். மேலே, தூண்களில் நிற்கும் பிளாற்போமில் ரயிலுக்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில் நான் என் நண்பனின் பெயரை அவருக்குச் சொன்னேன். இயக்கப் பெயரை அல்ல, அவன் தாயார் வைத்த பெயரை. அவர் ஒன்றும் பேசவில்லை. ரயில் வந்து கதவு திறந்த போது அவரும் ஒரு பெயர் சொன்னார்.

அந்த இரண்டு பெயர்களையும் அவர்களுடைய உறவினரைத் தேடி அனுமதி பெறாமல் இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. தேடத் தொடங்கியிருக்கிறேன்.